முள் அசையாத வீடு

"பஞ்சு வந்துட்டாளா?" என்று அண்ணன் கீழேயிருந்து கேட்டார். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எதையும் சத்தம் போட்டுக் கேட்பதில்லை. மாடிப்படியின் அடியில் வந்து நின்று, முகத்தை மேலே தூக்கி, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில் கேட்பார். அது மேலே வந்து சேர்ந்துவிடும்.

"அவ வந்து சாப்பிட்டே முடிச்சாச்சு" என்றாள் அண்ணி.

"அட, எனக்குத் தெரியவே இல்லையே!"

அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துபோயிற்று. பெற்ற பெண் சனிக்கிழமை அரைநாள் பள்ளிக்கூடம் விட்டுக் கடை வாசல் வழியாக வந்து, படி ஏறி, தட்டு போட்டுச் சாப்பிட்டு, தட்டைக் கழுவியும் வைத்துவிட்டாள்; கீழே உட்கார்ந்திருந்த தகப்பனுக்கு ஒரு சின்ன அரவம்கூடக் கேட்கவில்லை. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. "பஞ்சுன்னு சும்மாவா பேர் வச்சேன்" என்று சொல்லிக்கொண்டே கடைக்குள் போனார். அவர் சாதாரணமாகப் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

அண்ணன் தராசு பழுது பார்ப்பவர். காய்கறிக்கடைத் தராசெல்லாம் அவரிடம் வராது. நகைக்கடைத் தராசு, மருந்து கலக்குகிற கடைகளின் தராசு, கல்லூரி ஆய்வுக்கூடங்களின் கண்ணாடிக் கூண்டுத் தராசு, இவைதான் வரும். எல்லாம் மூச்சுப் பட்டாலே ஆடுகிற சாதி. சாமணத்தால் மெல்லிய எடைத் தகட்டை எடுத்துத் தட்டில் வைக்கும்போது அவர் மூச்சை அடக்கிக்கொள்வார். தெருவில் லாரி போனால் கையைக் கட்டிக்கொண்டு முள் அடங்கும்வரை உட்கார்ந்திருப்பார். மழைக்காலம் வந்தால் இன்னும் கஷ்டம். ஈரக்காற்றில் பித்தளைத் தட்டுகூட வியர்க்கும். மறுபடி துடைத்து, மறுபடி காத்திருந்து, மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும்.

அவருடைய மேசை மணல் நிரப்பிய தொட்டியின் மேல் நின்றது. தெருவின் அதிர்வை மணல் வாங்கிக்கொள்ளும். தலைக்கு மேலே குடியிருந்த எங்களை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. மாடித் தளம் மரப்பலகை. அதைத் தாங்குகிற உத்தரங்கள் கடைச் சுவரில்தான் ஊன்றியிருந்தன. மேலே யாராவது கொஞ்சம் அழுத்தி நடந்தால் கீழே முள் துள்ளும். உடனே துடைப்பக் கட்டையால் கூரையில் ஒரு தட்டு. "மேல என்ன, யானைக்கு நடை பழக்குறீங்களா?" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். அதனால்தான் அந்தப் பேச்சுக்கு நாங்கள் அப்படிக் கட்டுப்பட்டோமோ என்னவோ.

அண்ணி கல்யாணமாகி வந்தபோது வேகமாக நடக்கிறவள். கொஞ்ச நாளிலேயே பாத்திரத்துக்கு அடியில் ஈரத்துணி போட்டு வைக்கப் பழகிக்கொண்டாள். நான் அந்த வீட்டில் பிறந்தவள், நூலகத்தில் வேலை, எனக்கு வீடும் வேலையிடமும் ஒன்றுபோலவே இருந்தன. பஞ்சு பிறந்து நடை பழகும் வயதில், தளம் முழுக்கப் பழைய மெத்தைகளை விரித்துப் போட்டோம். விழுந்தாலும் அடிபடாது, சத்தமும் வராது. ஒரே செலவில் இரண்டு காரியம் என்று அண்ணன் சிரித்தார். குழந்தை பேச ஆரம்பித்தபோது, பொம்மையைத் தூக்கி வைத்துக்கொண்டு, "குதிக்காதே, முள்ளு ஆடும்" என்று அதட்டியது. நாங்கள் அதை வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம்.

"உங்க வீட்ல குழந்தை இருக்கறதே தெரியலையே" என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். இதைவிடப் பெரிய பாராட்டு எங்களுக்கு வேறு இல்லை.

ஒரு முறை பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் கடைக்கே வந்தார். நல்ல உயரம், மைதானத்துக் குரல். அவர் "வணக்கங்க" என்றதிலேயே கூண்டுக்குள் முள் ஆடியது.

"உங்க பொண்ணு ஒரு ரவுண்டு ஓடறதுக்குள்ள விலாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடறா. நுனிக்கால்ல ஓடறா சார், திருடன் மாதிரி. பசங்க சிரிக்கிறாங்க."

"சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும் டீச்சர். அவ தங்கம். தங்கம் எங்கயாவது ஓடுமா?"

"இந்த வயசுல தினமும் கொஞ்ச நேரமாவது மூச்சு வாங்க ஓடணும் சார். மெதுவா நடந்து வந்தா மட்டும் போதாது. இதயம், எலும்பு எல்லாம் இப்பத்தான் கட்டுது. இப்ப கட்டுறதை வச்சுத்தான் அம்பது வயசுல வண்டி ஓடும்."

"எனக்கு அம்பது ஆகப்போகுது. நான் ஓடினதே கிடையாது. நல்லாத்தானே இருக்கேன்?"

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். உட்கார்ந்தே வேலை செய்த உடம்பு. கழுத்துக்கும் தோளுக்கும் வித்தியாசம் தெரியாது. பிறகு வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு விளையாட்டு வகுப்பில் பஞ்சுவுக்கு ஒரு வேலை கிடைத்தது. மற்றவர்கள் ஓடும்போது அவர்களுடைய பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருப்பாள். அதிலும் அவளுக்கு நல்ல பெயர்தான்.

அந்தப் பிற்பகலில், அண்ணன் கடைக்குள் போன கொஞ்ச நேரத்தில் கீழே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் கண்ணாடி உடைந்து நான் கேட்டதே இல்லை. நாங்கள் இறங்கிப் போனபோது கண்ணாடிக் கூண்டு சரிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் அவர். கண் திறந்திருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கைபேசி அவரிடம் மட்டும்தான் உண்டு. மணி அடித்தால் தராசு ஆடும் என்று, வேலை நேரத்தில் அதை அணைத்து இழுப்பறையில் பூட்டிவிடுவார். சாவி எங்கே என்று தேட யாருக்கும் தோன்றவில்லை.

"ஓடு! ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிட்டு வா!" என்று அண்ணி பஞ்சுவைப் பார்த்துக் கத்தினாள். தெரு முனை திரும்பிக் கொஞ்ச தூரம் போனால் ஒரு க்ளினிக். பஞ்சு வாயைத் திறந்தபடி ஒரு கணம் நின்றாள். பிறகு போனாள். நான் எதிர்க்கடையில் மாற்றுச் சாவி செய்யும் சாவிக்காரரைக் கூப்பிடப் போனேன். அவர் தன் பழைய வேனைக் கிளப்பிக்கொண்டு வந்தார். அண்ணனை அதில் ஏற்றப் பெரும்பாடு பட்டோம். நான் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணி முன்னால் ஏறினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாக முடிவு.

தெரு முனை திரும்பியதும் பஞ்சு தெரிந்தாள். ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை விலாவை அழுத்திக்கொண்டிருந்தது. மீன் மாதிரி வாய் திறந்து திறந்து மூடியது. க்ளினிக் வரைக்கும் அவள் போய்ச் சேரவில்லை.

அண்ணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, என் ஆயுளில் கேட்டிராத குரலில் கத்தினாள்:

"ஓடக்கூடத் தெரியாதாடி உனக்கு?"

தெருவே திரும்பிப் பார்த்தது. வேன் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் பார்த்தார். வெளியே வந்து, "முன்னாடியே முடிஞ்சிருச்சும்மா. விழுந்தப்பவே முடிஞ்ச மாதிரிதான். நேரத்தைப் பத்தி யாரும் மனசுல வச்சுக்காதீங்க" என்றார். யார் காதில் அது விழ வேண்டுமோ அவள் அங்கே இல்லை. நாங்கள் வீடு திரும்பியபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

ஆட்கள் வந்தார்கள். செருப்புச் சத்தமும் பேச்சும் அழுகையுமாக மரத்தளம் அதிர்ந்தது. கீழே ஆட முள் இல்லை. கடைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் தராசை எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணி எல்லாரிடமும் பேசினாள். பஞ்சுவிடம் மட்டும், "சாப்பிட்டியா", "தலை வாரிக்கிட்டியா" என்பதற்கு மேல் பேசவில்லை. பஞ்சு அழவில்லை. "கல்லு மாதிரி இருக்கே குழந்தை" என்று ஒருத்தி என் காதருகே சொன்னாள்.

எல்லாரும் போன பிறகு ஒரு நாள் நூலகத்திலிருந்து திரும்பி வந்தேன். கடைக்குள் நுழையும்போதே தலைக்கு மேலே திடும் திடும் என்று சத்தம். கூரைப் பலகை இடுக்கிலிருந்து தூசி கொட்டிக்கொண்டிருந்தது. பஞ்சு ஓடிக்கொண்டிருந்தாள். முன்னறைச் சுவரைக் கையால் அடித்து, திரும்பி, சமையலறைச் சுவரை அடித்து, படியில் தடதடவென்று இறங்கி, என்னைப் பார்த்தும் பார்க்காதவளாக மறுபடி ஏறினாள். முகம் வெந்த மாதிரி சிவந்திருந்தது. அண்ணி கடை மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, என்ன இது?"

"ஓடட்டும்."

"எவ்வளவு நேரமா?"

"ஓடட்டும் விடு."

பஞ்சு பின்கட்டுக்குப் போய் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி ஆரம்பித்தாள். நான் பிடித்து நிறுத்தியபோது, என் கைக்குள் அவள் நெஞ்சு கூண்டில் மாட்டிய பறவை மாதிரி அடித்துக்கொண்டது. "விடுங்க அத்தை, இன்னும் பாதிதான் வந்திருக்கேன்" என்றாள். எதில் பாதி என்று நான் கேட்கவில்லை.

தினமும் இப்படி நடந்தது. காலில் கொப்புளம். சோறு இறங்கவில்லை, அரை முட்டையைத் தின்றுவிட்டு எழுந்துகொள்வாள். கடைசியில் ஒரு நாள் பள்ளிக்கூட மைதானத்தில் மயங்கி விழுந்தாள். பி.டி. டீச்சர் தன் ஸ்கூட்டரிலேயே கூட்டிக்கொண்டு வந்தார். சாவிக்காரர் என்னவோ ஏதோவென்று பின்னாலேயே ஓடிவந்து, மாடி ஏறி, மூச்சிரைக்க ஸ்டூலில் உட்கார்ந்தார். பஞ்சுவை உள்ளே படுக்க வைத்துவிட்டு நாங்கள் முன்னறையில் இருந்தோம். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"ஓடச் சொன்னதும் நீங்க. இப்ப ஓடறான்னு புகார் சொல்றதும் நீங்களா?" என்றாள் அண்ணி. அவள் குரலில் சுரத்தே இல்லை.

"இது ஓட்டம் இல்லைங்க. அவ தன்னைத் தானே அடிச்சுக்கறா. கையால அடிச்சா நாம பிடிப்போம். காலால அடிச்சுக்கறா, அதனால விட்டுட்டோம்."

"நீங்கதானே மூச்சு வாங்கணும்னு சொன்னீங்க, அன்னைக்கு?" என்றேன்.

"வாங்கணும். ஆனா ஓடற நடுவுல பக்கத்துல வர்றவளைப் பாத்து ரெண்டு வார்த்தை திட்ட முடியணும். அந்த அளவுக்கு வாங்கினா போதும். அப்புறம் நிக்கணும், தண்ணி குடிக்கணும், சிரிக்கணும், மறுபடி ஓடணும். பசங்க தானா அப்படித்தான் ஓடுவாங்க. யாரும் சொல்லித்தர வேண்டாம். இவ இத்தனை வருஷம் ஓடாத உடம்பு. எடுத்த எடுப்புல இப்படிப் போட்டு வதைச்சா தாங்குமா? உடம்பு கெடறது ஒரு பக்கம். ஓட்டம்னாலே தண்டனைன்னு மனசுல பதிஞ்சுபோச்சுன்னா, பெரியவளாகி ஒரு நாள்கூட ஓடமாட்டா. அதுதான் எனக்குப் பயம்."

"எனக்கும்தான் மூச்சு வாங்குது டீச்சர், இந்தப் படி ஏறினதுக்கே" என்றார் சாவிக்காரர்.

"அது வேற மூச்சு அண்ணே. நீங்க போய் டாக்டரைப் பாருங்க."

"மூச்சுலகூட நல்ல மூச்சு, கெட்ட மூச்சா? நல்லா வந்து மாட்டினேன்."

டீச்சர் தன் கழுத்தில் தொங்கிய விசிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"தப்பு என் மேலயும் இருக்குங்க. பையைப் பாத்துக்க ஒரு ஆள் கிடைச்சாளேன்னு நானும் விட்டுட்டேன். நாப்பது பிள்ளைங்களை வச்சு மேய்க்கறப்ப, சத்தம் போடாத பிள்ளை மேல ஒரு பிரியம் வந்துடும். அவ நல்லா இருக்கான்னு நினைச்சுக்குவோம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "மயக்கம் தெளிஞ்சதும் கேட்டேன், எதுக்குடி இப்படி ஓடறேன்னு. 'க்ளினிக் வரைக்கும் நிக்காம போகணும் மிஸ்'ங்கறா. எந்த க்ளினிக்குங்க?"

"இந்தத் தெரு முனை திரும்பினா இருக்குமே" என்றேன்.

"அதுவா? அது சாயங்காலம்தானே திறப்பாங்க. மத்தியானத்துல பூட்டித்தான் கிடக்கும். எங்கம்மாவைக் கூட்டிட்டு வந்து நானே ஒரு தடவை திரும்பிப் போயிருக்கேன்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று என்ன நடந்ததென்று அவருக்குத் தெரியாது. சாவிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி எழுந்து, "டீ போடறேன்" என்று சமையலறைக்குள் போனாள்.

நான் பின்னால் போனேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. பாத்திரத்தை வெறுமனே கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"அண்ணி..."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"வேன் முனை திரும்புச்சுல்ல. அப்பவே பாத்தேன். ஷட்டர் மூடியிருந்துச்சு. பூட்டுகூடத் தெரிஞ்சுது. எத்தனை தடவை காய்ச்சலுக்குன்னு இவளைத் தூக்கிட்டுப் போயிருக்கேன், எனக்குத் தெரியாதா அது எப்பத் திறக்கும்னு? பதட்டத்துல பூட்டின இடத்துக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கேன். அது பொட்டுல அடிச்ச மாதிரி தெரிஞ்சுது. அடுத்த நிமிஷம் இவ கண்ணுல பட்டா. படியில உக்காந்துட்டு..." அவள் நிறுத்தினாள். "நான் செஞ்ச முட்டாத்தனத்தை அவ தலையில போட்டுக் கத்திட்டேன். தெரு பூராவும் கேட்டுச்சு."

"அவகிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி."

"எந்த வாயால சொல்றது? அவ ஓடறப்பல்லாம் கீழ உக்காந்து கேட்டுட்டே இருப்பேன். நிறுத்துன்னு சொன்னா, ஏம்மான்னு கேப்பா. ஏன்னு சொல்லணும். அதுக்குப் பயந்துட்டு ஓடட்டும்னு விட்டேன். அவ வாந்தி எடுக்கறது காதுல விழும். அப்பவும் உக்காந்துதான் இருந்தேன். நானெல்லாம் ஒரு தாயா?"

கத்தக்கூடாது, குதிக்கக்கூடாது, ஓடக்கூடாது என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. பாத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்கி நான் தேநீர் போட்டேன்.

டீச்சரும் சாவிக்காரரும் போன பிறகும் மழை விடவில்லை. அண்ணி உள்ளறைக்குப் போனாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டேன். போகலாமா இருக்கலாமா என்று தெரியவில்லை. பஞ்சு விழித்துத்தான் இருந்தாள். அண்ணி அவள் காலடியில் உட்கார்ந்து, கொப்புளம் வந்த பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக் குரலில், மெதுவாக, பாதத்தைப் பார்த்தே பேசினாள்.

"பஞ்சு, அன்னைக்கு அந்த க்ளினிக்..."

"பூட்டியிருந்துச்சு."

அண்ணி நிமிர்ந்தாள்.

"நான் உக்காந்த இடத்துலேருந்து தெரிஞ்சுதும்மா."

"தெரியுமா உனக்கு? அப்புறம் ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீ அழுவேன்னுதான்."

அந்தக் குழந்தை அதைச் சொல்லிவிட்டுத் தாயைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை. அண்ணி தலையை அந்தச் சின்னப் பாதங்களின் மேல் கவிழ்த்துக்கொண்டாள். "நான் சொன்னது தப்புடி. பூட்டின இடத்துக்கு அனுப்பிட்டு உன்னைப் போய்த் திட்டினேன். அப்பா விழுந்தப்பவே போயிட்டாருன்னு ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாரு. அதையும் உன்கிட்ட சொல்லல. அம்மாவுக்கு வெக்கமா இருந்துச்சு. உன் மூஞ்சியைப் பாக்கவே வெக்கமா இருந்துச்சு" என்று விட்டுவிட்டுச் சொன்னாள்.

பஞ்சு போர்வை நுனியை விரலில் சுற்றினாள். அப்புறம் கேட்டாள்:

"திறந்திருந்தா?"

"என்னது?"

"திறந்திருந்தாலும் நான் போய்ச் சேர்ந்திருக்க மாட்டேன்ல?"

அண்ணி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லியிருக்கலாம். "சேர்ந்திருக்க மாட்டே" என்றாள் அண்ணி கடைசியில். "நாங்க உன்னை அப்படி வளர்த்துட்டோம். அது உன் தப்பு இல்ல, எங்க தப்பு."

அப்போதுதான் பஞ்சு அழுதாள். வாயைத் திறந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி. என் கை தன்னாலே உதட்டுக்குப் போயிற்று, உஷ் என்று சொல்ல. கையைக் கீழே இறக்கிக்கொண்டேன். அவள் அழுது முடிக்க வெகு நேரமாயிற்று.

கால் ஆறியதும் டீச்சர் சாயங்காலங்களில் அவளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டார். முதலில் ஓட்டமே இல்லை. தொட்டுப் பிடிக்கிற விளையாட்டு. யாராவது துரத்தினால் பஞ்சு பழக்கத்தில் நின்றுவிடுவாள். "நின்னா நீதான் பிடிக்கணும், ஓடுடி!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். நானும் அண்ணியும் ஓரத்தில் உட்கார்ந்திருப்போம். ஒரு நாள் அவள் மூச்சு வாங்க ஓடிவந்து, "தண்ணி... அத்தை... அந்தக் குரங்கு... ஏமாத்துறான்" என்றாள். ரெண்டு வார்த்தை திட்டுகிற மூச்சு. தண்ணீரைக் குடித்துவிட்டு, நாங்கள் எதுவும் கேட்பதற்குள் திரும்ப ஓடிவிட்டாள். அண்ணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கடையைப் படச்சட்டம் போடுகிற ஒருவருக்கு வாடகைக்கு விட்டோம். நாள் முழுக்கச் சுத்தியல் சத்தம். பஞ்சு வளர்ந்து, வேலைக்குப் போய், இன்றும் காலையில் ஓடப் போகிறாள். பெரிய ஓட்டக்காரி ஒன்றும் ஆகவில்லை. தாயும் மகளும் நன்றாகப் பேசிக்கொள்கிறார்கள், சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அந்த நாளைப் பற்றி இருவரும் அப்புறம் பேசியதில்லை.

மருந்துக்கடையும் ரொட்டிக்கடையும் தெரு முனையைத் தாண்டித்தான் இருக்கின்றன. அண்ணிக்கு இப்போது மூட்டு வலி. இருந்தும் அந்தப் பக்கமாகப் போவதில்லை. பின் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள்.